சங்கையாவை நல்லவனாக்கப் போன கதை

ஓர் ஊரில் ஒரு கெட்டவன் இருந்தால், அவனைக் கெட்டவனாகவே விட்டுவைப்பதுதான் அந்த ஊருக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி. இது எனக்கு இருபத்தொன்பதாவது வயதில் புரிந்தது. இருபத்தெட்டிலேயே புரிந்திருந்தால் என் முதுகு தப்பியிருக்கும்.

அப்போது நான் சென்னையில் மூன்று வருஷம் சினிமாவில் உதவி இயக்குநராக இருந்துவிட்டு அருப்புக்கோட்டைக்குத் திரும்பியிருந்தேன். உதவி இயக்குநர் என்றால் இயக்குநருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவன் என்று எங்கள் தெருவில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். (நானும் அந்த நினைப்பைக் கெடுக்கவில்லை.) உண்மையில் நான் எட்டாவது உதவி. அவருடைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் நிழலில் போடுவது என் வேலை. நிழல் நகர்ந்தால் நாற்காலியையும் நகர்த்த வேண்டும். மூன்று வருஷத்தில் வெயில் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதை மட்டும் கரைத்துக் குடித்துவிட்டு ஊர் திரும்பி, அண்ணனின் விசைத்தறிக் கூடத்தில் சேலை மடித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் கற்றிருந்தேன். எங்கள் அறைக்குக் கீழே இருந்த டீக்கடையில் தினமும் சினிமாவைப் பிரித்து மேய்வார்கள். அங்கே எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம், வில்லன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கும், அந்தப் பக்கம் நின்று கதையைச் சொல்பவன்தான் பெரிய ஆள் என்பது. அது என் மண்டையில் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஊருக்கு வந்ததும் கண்ணில் பட்டதற்கெல்லாம் அதைப் பூசினேன். ஒருநாள் என் அண்ணன் மனைவி மாரித்தாய் மதினி அடுப்படியில் கரப்பான்பூச்சியைத் துரத்திக்கொண்டிருந்தபோது, "அது பக்கத்துல இருந்தும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க மதினி" என்றேன்.

"யோசிச்சுட்டேன் தம்பி. அதுக்கும் செத்தாத் தேவலன்னுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மதினி அடித்தார்.

இந்த நிலைமையில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். பந்தல்குடியிலிருந்து திருச்சுழிப் பக்கம் உள்ளே போகிற ஓர் ஊர். (ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.) பெண்ணின் பெயர் மகேஸ்வரி, டவுனில் மெடிக்கல் கடை ஒன்றில் வேலை பார்த்தாள். அவளுடைய அப்பா வேலுச்சாமி தூத்துக்குடி ரோட்டில் லாரிகளுக்கு டயர் மாற்றும் கடை வைத்திருந்தார். பெண்ணுக்கு என்னைப் பிடித்திருந்தது என்பதை அவள் காப்பி கொடுத்த விதத்திலேயே கண்டுபிடித்தேன். எனக்கு மட்டும் இரண்டு முறுக்கு அதிகம் வைத்திருந்தாள். எனக்கோ அவளை வாசலில் பார்த்தபோதே பிடித்துப்போய்விட்டது. ஆனால் அப்பா பிடி கொடுக்கவில்லை.

"சினிமாவுல இருந்தவரு. மறுபடியும் கெளம்பிப் போகமாட்டாருன்னு என்ன நிச்சயம்? வைகாசித் திருவிழா முடியட்டும், யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

அவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் கண் அவர் தலைக்கு மேலே சுவரில் நிலைகுத்தி நின்றது. அங்கே கண்ணாடிச் சட்டம் போட்டு, ஒரு பெரிய கலர்ப் படம் மாட்டியிருந்தது. அதில் வேலுச்சாமி மாமா மேல்சட்டை இல்லாமல் குனிந்து உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பெண்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு விளக்குமாறு. முன்னால் நின்றவள் ஓங்கியே இருந்தாள். படத்துக்கு மல்லிகைச் சரம் வேறு போட்டிருந்தார்கள்.

திரும்பி வரும்போது மதினியிடம் கேட்டேன். மதினியின் பிறந்த ஊர் அதற்குப் பக்கம்தான். பஸ் அருப்புக்கோட்டை வந்து சேருவதற்குள் முழுக் கதையையும் சொல்லி முடித்தார்.

எந்தக் காலமென்று தெரியாத ஒரு காலத்தில், அந்த ஊரில் சங்கையா என்று ஒருவன் இருந்தான். அந்த வருஷம் அதிசயமாக நல்ல மழை. கண்மாய் தளும்பி நின்றது. கோயிலில் தனக்கு மரியாதை செய்யவில்லை என்ற ஆத்திரத்தில் சங்கையா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கண்மாய்க்கரையை வெட்டிவிட்டான். தண்ணீரெல்லாம் பொட்டல் காட்டுக்குப் போய் வீணானது. பயிர் கருகிவிட்டது. கரையில் இருந்த அம்மன் கோபத்தில் அவனைப் பிடித்துக்கொண்டாள். அவன் கதறியபோது, உன் வம்சத்தில் ஒருத்தன் வருஷா வருஷம் என் முன்னால் உட்கார்ந்து ஊர்ப் பெண்கள் கையால் விளக்குமாற்றடி வாங்கினால்தான் நான் மழை தருவேன் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வைகாசித் திருவிழாவில் சங்கையா வீட்டார் அடி வாங்குகிறார்கள். அதற்குச் சாத்து என்று பெயர். ஒவ்வொரு பெண்ணும் அந்த வருஷம் தன் வீட்டில் நடந்த ஏதாவது ஒரு கெட்டதைச் சத்தமாகச் சொல்லி, அதைச் சங்கையா தலையில் போட்டு ஓர் அடி அடிப்பாள். மாடு செத்தது, மிளகாய் அழுகியது, மிக்ஸி எரிந்தது எல்லாம் சங்கையா வேலை. சாத்து முடிந்ததும் அந்த வீட்டுக்காரருக்குத்தான் ஊரில் முதல் பரிவட்டம்.

கடைசி வாக்கியத்தை மதினி சொன்னபோது பஸ் புதுப் பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. என் மனம் அந்தப் படத்திலேயே நின்றுவிட்டது. பாவம் மாமா. யாரோ ஒரு முப்பாட்டன் செய்த தப்புக்காக, ஊருக்கு முன்னால் முதுகைக் காட்டி அடி வாங்கி, அந்த அவமானத்தையே பழகிப்போய்ச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த நிமிஷமே அந்த டீக்கடை ஞானம் மண்டையில் விழித்துக்கொண்டது. சங்கையா பக்கத்தில் ஒரு நியாயம் இருந்தால்? அதை நான் ஒரு குறும்படமாக எடுத்துத் திருவிழாவன்றைக்கே ஊருக்குப் போட்டுக் காட்டினால்? மாமாவின் பரம்பரைக் களங்கம் நீங்கும். கண்ணீரோடு என்னைக் கட்டிப்பிடித்து, என் மகளை ஏற்றுக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை என்பார். அந்தக் காட்சியை மட்டும் அன்றைக்கு ராத்திரிக்குள் பத்துத் தடவையாவது ஓட்டிப் பார்த்திருப்பேன்.

மகேஸ்வரிக்குப் போன் செய்து, "ஒங்கப்பாவுக்குத் திருவிழாவுல ஒரு சர்ப்ரைஸ் வச்சிருக்கேன்" என்றேன்.

"எங்கப்பாவுக்குச் சர்ப்ரைஸ் புடிக்காது. வேணாம்" என்றாள்.

எவ்வளவு அடக்கமான குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

கதையை இரண்டே நாளில் எழுதினேன். என் சங்கையா உத்தமன். கண்மாய்க்கரையில் ஊர்ப்பக்கம் ஒரு விரிசலைப் பார்க்கிறான். கரை அந்த இடத்தில் உடைந்தால் ஊரே மூழ்கிவிடும். ஆகவே எதிர்ப்பக்கம் பொட்டலைப் பார்த்துக் கரையை வெட்டி, தண்ணீரை வெளியேற்றி ஊரைக் காப்பாற்றுகிறான். ஊர் அவனைத் தவறாகப் புரிந்துகொண்டு தூற்றுகிறது. அவன் வாய் திறக்காமலே சாகிறான்.

படித்துக் காட்டியதும் மதினி கேட்டார், "ஏன் தம்பி, கரை ஒடையப்போவுதுன்னு ஊருக்குள்ள வந்து ஒரு வார்த்த சொல்லிட்டு வெட்டுனா என்ன?"

"சொல்லிட்டா படம் ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிரும் மதினி."

"முடிஞ்சா நல்லதுதான" என்றார் மதினி. கலை தெரியாதவர்களோடு வாழ நேர்ந்த விதியை நொந்துகொண்டேன்.

சங்கையாவாக யார் நடிப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான்தான். சங்கையாவின் மனைவியாக நடிக்க ஆள் கிடைக்காமல், கடைசியில் மதினியின் காலைப் பிடித்தேன். படம் பிடிக்கவும் வெட்டி ஒட்டவும் என் கூட்டாளி ஆறுமுகம் வந்தான். அவன் கல்யாண வீடியோக்காரன். அவன் கம்ப்யூட்டரில் இருந்த வித்தை பூராவும் கல்யாண வித்தை. காட்சி மாறும்போதெல்லாம் ஒரு ரோஜாப்பூ விரியும், அல்லது இரண்டு அன்னப்பறவைகள் குறுக்கே நீந்திப் போகும். வேறு ஏதாவது இல்லையா என்று கேட்டால், "ஏலே, இதையே காசு குடுத்துப் பாக்குறாங்கெ" என்றான்.

அதைவிடப் பெரிய சிக்கல் தண்ணீர். தளும்பி நிற்கும் கண்மாய்க்கு நான் எங்கே போவேன்? எங்கள் பக்கத்துக் கண்மாயில் வைகாசி மாதம் கருவேல மரமும் கிரிக்கெட் விளையாட்டும்தான் இருக்கும். மண்வெட்டியால் கரையை வெட்டும்வரை என்னை எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு ஆறுமுகம் தன் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் ஓடவிடும் ஒரு மலையருவியை ஒட்டினான். ஆக, நான் கரையில் ஒரு வெட்டு வெட்டியதும் நூறடி உயரத்திலிருந்து அருவி கொட்டும். அப்போது எனக்கு அது மிகவும் கலாபூர்வமாகப் பட்டது.

மதினியின் காட்சியை ஒரு மத்தியானம் எடுத்தோம். கணவன் செத்த பிறகு அவள் உண்மையைச் சொல்லி அழ வேண்டும். அழுவதற்கு வெங்காயம் வாங்கி வந்திருந்தேன். மதினி அதைப் பார்த்துவிட்டு, "இத எடுத்துக் கொழம்புக்கு வையிங்க. எனக்கு அழுகச் சொல்லித்தர வேண்டாம். ஒங்க அண்ணனோட பதினோரு வருசம் இருந்திருக்கேன்" என்று சொல்லிக் கீழே உட்கார்ந்தார். வசனத்தை எல்லாம் விட்டுவிட்டுத் தன் போக்கில் ஒப்பாரி எடுத்தார்.

"ஊரக் காத்த எஞ்சாமி – ஒன்ன
ஊரே தூத்திப் போட்டதென்ன
கம்பக் கொட்டி அளந்த கையி – இப்பக்
காரமுள்ளுல கெடக்குதென்ன"

ஆறுமுகம் கேமராவை நிறுத்த மறந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். பக்கத்துத் தறிக்கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்திவிட்டு, யார் வீட்டில் எழவு என்று கேட்டு நாலு பேர் வந்துவிட்டார்கள்.

படம் இருபத்திரண்டு நிமிஷம் வந்தது. அதில் ஒன்பது நிமிஷம் நான் கண்மாய்க்கரையில் மெதுவாக நடந்து வருவது. டைட்டிலில் கதை, திரைக்கதை, வசனம், நடிப்பு, இயக்கம் என்று ஐந்து இடத்தில் என் பெயரைப் போட்டேன். கடைசியில், ஒரு மரியாதைக்காக, "மற்றும் பலர்" என்று போட்டேன். அந்தப் பலர் மதினிதான்.

திருவிழாக் கமிட்டியாரிடம், அம்மன் கதையைப் படமாக எடுத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். சந்தோஷமாகச் சரி என்றார்கள். சாத்து மாலை ஐந்து மணிக்கு. மூன்று மணிக்குச் சமுதாயக்கூடத்தில் படம். ஜன்னல்களைத் தார்ப்பாய் போட்டு மூடினோம். வைகாசி வெயிலில் உள்ளே இட்லிக் கொப்பரை மாதிரி வெந்தது. இருந்தும் பெண்கள் கூட்டம் தள்ளியது. சாத்துக்கென்று வாங்கிய புது விளக்குமாறுகளை மடியில் வைத்துக்கொண்டு தரையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். மாமா வரவில்லை. சாத்து வாங்குகிறவர் அன்றைக்கு விரதம், கோயிலை விட்டு நகரக் கூடாது என்றார்கள். நல்லதுதான், ஊரே அவரிடம் போய்ச் சொல்லும்போது இன்னும் சிறப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

முதல் பத்து நிமிஷம் நான் செத்துப் பிழைத்தேன். நான் நடந்து வந்தால் சிரித்தார்கள். நின்றால் சிரித்தார்கள். நான் விரிசலைப் பார்த்து அதிர்ச்சியடைந்த இடத்தில், "பாவம், வயித்தால போகுது போல" என்று ஒரு குரல் கேட்டது. அருவி கொட்டியபோது கூடமே அதிர்ந்தது. "நம்ம கம்மாயில எங்கிட்டிருந்துடி அருவி வந்துச்சு" என்று ஒருத்தி கேட்க, "அதாண்டி அன்னம் ரெண்டு நீந்துது" என்றாள் இன்னொருத்தி. நான் தார்ப்பாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, பந்தல்குடிக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மதினி திரையில் வந்தார். ஒப்பாரி எடுத்தார்.

முதலில் சிரிப்பு நின்றது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒரு மூலையில் ஆரம்பித்து வரிசை வரிசையாகப் பரவியது. படம் முடிந்தபோது பாதிப் பேர் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்கள். வெளியே வந்த பெண்கள் விளக்குமாற்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நான் வாசலில் நின்று, துக்க வீட்டுக்காரன் மாதிரி எல்லோருக்கும் கைகூப்பினேன். பூசாரியின் மனைவி என் கன்னத்தைத் தொட்டு, "நல்ல மனுசனப் போயி இத்தன வருசமா அடிச்சிருக்கமே, நாங்க வெளங்குவமாய்யா" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. சென்னையில் நான் தூக்கிப் போட்ட நாற்காலிகளெல்லாம் ஒரு நிமிஷம் கண்முன் வந்து போயின.

ஐந்து மணிக்கு மாமா மஞ்சள் வேட்டி கட்டி, முதுகெல்லாம் மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசி, அம்மனுக்கு எதிரே இருந்த கல்லில் வந்து உட்கார்ந்தார். தலையைக் குனிந்து, கைகளை முட்டியில் ஊன்றிக்கொண்டார். மேளம் அடித்தார்கள். பூசாரி, "சாத்துக்கு வாங்கத்தா" என்று குரல் கொடுத்தார்.

ஒருத்தியும் நகரவில்லை.

பூசாரி மறுபடி கூப்பிட்டார். முதல் அடி பூசாரி மனைவியின் உரிமை. அவர் மெதுவாக வந்து விளக்குமாற்றை ஓங்கினார். மாமாவின் முதுகைப் பார்த்தார். விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, "சங்கையா, ஊரக் காத்த மகராசா, ஒன்னப் போயி நான் அடிக்கவா" என்று மாமா காலில் விழுந்தார். அவ்வளவுதான். பின்னால் நின்ற பெண்கள் வரிசையாக வந்து காலில் விழ ஆரம்பித்தார்கள். ஒருத்தி முதுகில் சந்தனம் பூசிவிட்டாள். இன்னொருத்தி முந்தானையால் விசிறினாள்.

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏத்தா, என்னத்தா இது, அடிச்சிட்டுப் போங்க. நேரமாகுது" என்றார்.

"கையி வரமாட்டேங்குதுண்ணே."

"வருசா வருசம் வந்த கையி இந்த வருசம் என்னத்தா ஆச்சு?"

கூட்டத்தில் யாரோ படத்தைப் பற்றிச் சொன்னார்கள். மாமா மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் கனவு கண்டு வைத்திருந்த இடம் இதுதான். கட்டிப்பிடிப்பதற்கு வசதியாக ஓரடி முன்னால் வேறு போய் நின்றேன்.

"தம்பி, எங்க முப்பாட்டன் நல்லவன்னு சொல்லச் சொல்லி ஒங்ககிட்ட யாரு கேட்டது?"

"ஒங்களுக்கு ஒரு மரியாத கெடைக்கட்டும்னு..."

"மரியாத கெட்டவனாத்தான்யா கெடச்சது. நல்லவனா எங்க பங்காளிமாரு பத்துப் பேரு இருக்காக. ஒருத்தருக்காச்சும் பரிவட்டம் கட்டுறாகளா? எங்கய்யா வாங்குனாரு, அவரு அய்யா வாங்குனாரு, முப்பது வருசமா நான் வாங்குறேன். எங்க வீட்டுல ஒரு ஆளு முதுகக் குடுத்தாத்தான் இந்த ஊருல மழ. ஒரு மத்தியானத்துல அம்புட்டையும் தொடச்சுப்புட்டீகளே."

அவர் குரல் உடைந்தது. அதுவரை எனக்கு உறைக்காதது அப்போதுதான் உறைத்தது. சுவரில் மாட்டியிருந்தது அவமானம் இல்லை, பட்டம். அதைத்தான் நான் அருவியும் அன்னமும் விட்டு அழித்திருந்தேன். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று பார்த்தேன். கரிசல் மண்ணில் வெடிப்புக்குப் பஞ்சமில்லை, ஆனால் நான் நுழைகிற அளவுக்கு அன்றைக்கு ஒன்றும் இல்லை.

கூட்டத்தில் ரகளை ஆரம்பித்தது. "சங்கையா நல்லவன்னா, இத்தன வருசமா நம்ம யாரடி அடிச்சோம்?" "அடிக்காமப் போனா மழைக்கு எங்க போறது?" "எங்க ஆட்ட நாயி கடிச்சதுக்கு நான் யாருகிட்டப் போயிக் கேக்க?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். வருஷம் பூராவும் சேர்த்து வைத்த ஆத்திரத்தோடும் புது விளக்குமாற்றோடும் நூறு பெண்கள் நின்றார்கள். சங்கையா விடுதலையாகிவிட்டான். அவர்கள் பார்வை மெல்லத் திரும்பித் தங்கள் தங்கள் புருஷன்மார் மேல் விழுந்தது. ஆண்கள் பக்கம் சட்டென்று ஒரு பதற்றம். "ஏப்பா, யாராச்சும் ஒருத்தன் அடி வாங்கித்தானப்பா ஆகணும்" என்று பின்னாலிருந்து ஒருவர் கெஞ்சினார்.

நான் மைக்கைப் பிடுங்கினேன். "படத்துல சொன்னது பூராம் பொய். நானா எழுதுனது. சங்கையா கெட்டவன்தான், நம்புங்க" என்றேன்.

"அதெப்பிடிப் பொய்யாகும்? அந்தப் புள்ள அழுததக் கண்ணால பாத்தமே" என்றார் பூசாரி மனைவி.

நான் என்னோடு திருவிழாவுக்கு வந்திருந்த மதினி பக்கம் திரும்பி, "மதினி, நடிச்சதுதான்னு நீங்களாவது சொல்லுங்க" என்றேன்.

மதினி கையைக் கட்டிக்கொண்டு, "நான் நடிச்சேன்னு யாரு சொன்னா? எம் பேரு எங்கயாச்சும் போட்டிருக்கா?" என்றார்.

கடைசியில் பூசாரி அம்மன் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார். "ஆத்தா கேட்டது தப்புப் பண்ண ஆள. அந்த ஆளு சங்கையா வீட்டு ஆளா இருக்கணும். தப்புப் பண்ண ஆளு இந்தா நிக்கிறாரு. ஆனா வீட்டு ஆளு இல்லையே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மகேஸ்வரி வந்தாள். கீழே கிடந்த பூசாரி மனைவியின் விளக்குமாற்றை எடுத்தாள். அதை உள்ளங்கையில் ஒருமுறை தட்டிச் சரிசெய்துகொண்டாள்.

"அப்பா, என்னைய இவுகளுக்குக் குடுக்குறீங்களா, இல்லையா? இப்பச் சொல்லுங்க."

மாமா என்னைப் பார்த்தார். ஒரு மேகம்கூட இல்லாத வானத்தைப் பார்த்தார். கட்டப்படாமல் தட்டில் கிடந்த பரிவட்டத்தைப் பார்த்தார்.

"குடுத்தேன்" என்றார்.

"அப்ப வீட்டு ஆளு" என்றாள் மகேஸ்வரி.

என் சட்டையைக் கழற்றி, மஞ்சளைப் பூசி, கல்லில் உட்கார வைத்ததெல்லாம் எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது. நாலைந்து கைகள் சேர்ந்து செய்தன. (ஆண்களின் கைகள். அவ்வளவு உற்சாகத்தை அவர்களிடம் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.) முறைப்படி, அடிப்பதற்கு முன் நடந்த கெட்டதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மகேஸ்வரி சொன்னாள்.

"சர்ப்ரைஸ் வேணாம்னு சொன்னேன்ல."

பளீரென்று விழுந்தது. மேளம் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு வரிசை நகர்ந்தது. ஆட்டை நாய் கடித்தது, பருத்தியில் பூச்சி விழுந்தது, கேஸ் சிலிண்டர் பாதியில் தீர்ந்தது, மருமகள் தனிக்குடித்தனம் போனது எல்லாம் என் முதுகில் இறங்கின. சங்கையா மேல் இரக்கப்பட்டு அழுதவர்கள்தான் ஓங்கி அடித்தார்கள். நல்ல மனிதனை இத்தனை வருஷம் அடித்த பாவத்துக்கும் சேர்த்து அடித்தார்கள் என்று நினைக்கிறேன். நடுவில் மாமா பக்கத்தில் வந்து குனிந்து, என் காதோடு சொன்னார்.

"முட்டியில கையி ஊனிக் குனிஞ்சுக்கிருங்க மாப்ள. வெலா எலும்புல படாது."

மாப்ள. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் முதுகு எரிந்துகொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்தது. வலியில் அழுகிறேன் என்று நினைத்து, அடுத்து வந்தவள் கொஞ்சம் மெதுவாக அடித்தாள். சந்தோஷத்தில்தான் அழுதேன் என்று இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஆவணியில் எங்கள் கல்யாணம். ஐப்பசியில் பிடித்துக்கொண்டது மழை. பல வருஷமாக நிரம்பாத அந்தக் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. ஊர் கூடி ஒரே முடிவுக்கு வந்தது. வேலுச்சாமி முதுகைவிட மருமகன் முதுகில் மழை அதிகம். அன்றிலிருந்து எந்த வேலை இருந்தாலும், வைகாசியில் நான் அந்தக் கல்லில் உட்கார்ந்தாக வேண்டும். பரிவட்டத்தை மட்டும் மாமா விட்டுக்கொடுக்கவில்லை. அடி எனக்கு, பரிவட்டம் அவருக்கு என்று பூசாரி தீர்த்துவைத்தார். (ஊர்ப் பெயர் சொல்லாததற்குக் காரணம் இதுதான். அறியாத ஊர்களிலிருந்தும் பெண்கள் விளக்குமாற்றோடு கிளம்பி வர ஆரம்பித்தால் என்னால் தாங்க முடியாது.)

இப்போது மாமா வீட்டுச் சுவரில் இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்றில் அவர், இன்னொன்றில் நான். என் படத்தை எடுத்தது ஆறுமுகம். அதன் மேல் மூலையில் இரண்டு அன்னங்கள் நீந்துகின்றன. என் மகள் ஏதாவது சேட்டை செய்து நான் அதட்டினால், "அவ பக்கத்துலயும் ஒரு நியாயம் இருக்கும், கேட்டுப் பாருங்க" என்று மகேஸ்வரி சொல்வாள். வீடே சிரிக்கும். நான் அதட்டலை நிறுத்திவிடுவேன்.

எல்லாவற்றையும்கூடச் சகித்துக்கொள்வேன். ஒன்றைத்தான் தாங்க முடியவில்லை. வருஷா வருஷம் சாத்து அன்றைக்கு மாரித்தாய் மதினி அருப்புக்கோட்டையில் புது விளக்குமாறு வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார். ஆனால் முன்னால் வரமாட்டார். எல்லோரும் அடித்து முடித்து, மேளம் ஓய்ந்து, நான் எழுந்திருக்கப் போகிற நேரத்தில்தான் வரிசையின் கடைசியிலிருந்து நிதானமாக வருவார். அவர் வாயிலிருந்து ஒவ்வொரு வருஷமும் ஒரே குறைதான் வரும்.

"இந்தாங்க தம்பி, இது மற்றும் பலர் குடுக்குறது."